குருவுக்கு ஒன்ஸ், சீடனுக்கு டூஸ்: ஒரே ஷாட்டில் இரண்டையும் ஓடவிடுவது எப்படி?

நிழற்கோடு (கேள்வி)

வணக்கம். 90 நொடிக் குறும்படம், பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில், நொடிக்கு 24 ஃபிரேம். வயதான சாகச வீரர் ஒருவர், அவருடைய இடத்துக்கு வரப்போகும் பையன் ஒருவன். இரண்டு பேரும் மாடிக்கு மாடி ஓடித் தாவுவதுதான் படத்தில் பாதி.

2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில், காட்டுக்குள் தப்பிக்கும் காட்சியில் குருவான பீட்டர் ஒன்ஸிலும் சீடன் மைல்ஸ் டூஸிலும் அசைவார்கள் அல்லவா, அதே வழியில் போகிறேன். பெரியவருக்கு ஒன்ஸ், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப் போஸ்; பையனுக்கு டூஸ், அதாவது இரண்டு ஃபிரேமுக்கு ஒரு போஸ். பையனின் எல்லாக் கர்வுகளிலும் (அசைவின் மதிப்பைக் காட்டும் வளைகோடுகள்) ஸ்டெப்டு இன்டர்போலேஷன் மாடிஃபையர், அதாவது மதிப்பைப் படிப்படியாக நிறுத்தி வைக்கும் அமைப்பு; ஸ்டெப் அளவு 2. மோஷன் பிளர் (வேக மங்கல்) கிடையாது.

இப்போது இருக்கும் சிக்கல்கள்:

1. பையனின் சில முக்கியப் போஸ்கள் ரெண்டரில் (இறுதிப் படத்தில்) வருவதே இல்லை. குறிப்பாகக் கால் தரையைத் தொடும் போஸ்.
2. கேமரா பக்கவாட்டில் கூடவே ஓடும்போது பையன் மட்டும் முன்னும் பின்னும் நடுங்குகிறான். பெரியவர் சரியாக இருக்கிறார்.
3. பையனின் மேலங்கி துணி சிமுலேஷன். உடம்பு டூஸில் நிற்க, துணி தன்பாட்டுக்கு ஒன்ஸில் வழுக்குகிறது. சில இடத்தில் வெடித்துக் கிளம்புகிறது.
4. இதுதான் பெரிய கவலை. பையன் அனுபவமில்லாதவனாகத் தெரியவில்லை. கணினி திக்குவதைப் போலத்தான் தெரிகிறது.

அச்சுக் காமிக்ஸ் தோற்றத்துக்கு நிற விலகலும் புள்ளிகளும் சேர்க்க வேண்டும். அதற்கும் யாராவது அளவுகள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பன்னிரண்டாம்ஃபிரேம்

முதல் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நான்காவது நடிப்பு சம்பந்தப்பட்டது, மைவிரல் போன்றவர்கள் பேசினால் நன்றாக இருக்கும்.

போஸ் காணாமல் போவது: உங்கள் கீக்கள் (நீங்கள் போஸைப் பதிந்த இடங்கள்) 1, 3, 5 என்று ஒற்றைப்படை ஃபிரேம்களில் இருக்கும். ஸ்டெப்டு மாடிஃபையரின் ஆஃப்செட் (எந்த ஃபிரேமிலிருந்து எண்ணத் தொடங்குவது) 0 ஆக இருந்தால் அது 0, 2, 4 ஆகிய ஃபிரேம்களின் மதிப்பைத்தான் எடுத்துப் பிடித்து வைக்கும். அதாவது 3-ஆம் ஃபிரேமில் நீங்கள் வைத்த போஸுக்குப் பதில் 2-ஆம் ஃபிரேமின் இடைப்பட்ட மதிப்பு தெரியும். கால் தரையைத் தொடும் போஸ் ஒரே ஒரு ஃபிரேம்தான் என்பதால் அதுதான் முதலில் பலியாகும். ஆஃப்செட்டை 1 ஆக்குங்கள். 1, 1, 3, 3, 5, 5 என்று வரும். ஒரு கர்வில் மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். இடுப்புக்கு ஆஃப்செட் 1, பாதத்துக்கு 0 என்று கலந்துவிட்டால் இரண்டும் மாறி மாறி அசைந்து, முழு உடம்பும் ஒன்ஸில் உதறுவதைப் போல ஆகிவிடும்.

ஆனால் இந்த மாடிஃபையரை முன்னோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஷாட் ஓரளவு அமைந்ததும், போஸ் மோடில் பேக் ஆக்‌ஷன் கொடுங்கள். அது கண்ணில் தெரியும் அசைவைக் கீக்களாக எழுதித் தரும்: தொடக்க ஃபிரேம் 1, ஃபிரேம் ஸ்டெப் 2, விஷுவல் கீயிங் இயக்கத்தில். பிறகு எல்லாக் கீக்களையும் தேர்ந்து இன்டர்போலேஷனை (கீக்களுக்கு இடையே நிரப்பும் முறை) கான்ஸ்டன்ட் ஆக்குங்கள், அடுத்த கீ வரை போஸ் அப்படியே நிற்கும். இனிமேல் ஒவ்வொரு போஸையும் கையால் நகர்த்தலாம். 2-2-2-2 என்று சீராகப் போனால் இயந்திரம் போலத்தான் இருக்கும். தாவுவதற்கு முன் 3, எழும்பும்போது 1-1, மேலே மிதக்கும்போது 2-2-3 என்று வரும்போதுதான் கை பட்ட அனிமேஷனாக மாறும்.

கேமரா நடுக்கம்: கணக்கைப் பாருங்கள். ஓட்டம் நொடிக்கு 4.8 மீட்டர் என்றால் கேமரா ஒரு ஃபிரேமுக்கு 20 செ.மீ. நகரும். பையன் முதல் ஃபிரேமில் அசையாமல் நின்று, அடுத்ததில் 40 செ.மீ. தாவுகிறான். கேமராவின் கண்ணில் அவன் 20 செ.மீ. பின்னால் போய் 20 செ.மீ. முன்னால் வருகிறான். 10 மீட்டர் அகலம் தெரியும் ஷாட்டில், 1920 பிக்சலுக்கு இது சுமார் 38 பிக்சல். நொடிக்கு 12 முறை 38 பிக்சல் உதறினால் கண் தாங்காது. கையால் வரைந்த அனிமேஷனில் பான் ஷாட்டுக்கு நடையை ஒன்ஸில் போடும் பழக்கம் வந்ததே இதனால்தான்.

வழிகள் சில உண்டு, எல்லா இடத்துக்கும் ஒன்று பொருந்தாது.

பையன் காற்றில் இருக்கும்போது முழு உடம்பையும் நகர்த்தும் ரூட் கன்ட்ரோலின் இடமாற்றத்தை மட்டும் ஒன்ஸில் விடுங்கள், உடம்பின் போஸ் டூஸில் இருக்கட்டும். கேமராவோடு சேர்ந்து வழுவழுப்பாகப் பறப்பான், கைகால் மட்டும் கத்தரித்த மாதிரி மாறும். பாதத்தை இழுத்தால் கால் மடங்கும் ஐகே கன்ட்ரோல்களும் ரூட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ரூட் போகும், பாதம் பின்னால் நிற்கும், கால் நீண்டு இழுபடும்.

தரையில் இதைச் செய்தால் பாதம் வழுக்கும். பையன் மட்டும் இருக்கும் ஷாட் என்றால் கேமராவையும் அதே ஆஃப்செட்டோடு டூஸுக்கு மாற்றிவிடலாம். பின்னணி கொஞ்சம் துள்ளும், அது பரவாயில்லை. ஆனால் பெரியவரும் அதே ஷாட்டில் ஒன்ஸில் ஓடினால் இந்த முறை செல்லாது. இப்போது நடுங்குபவர் அவராக இருப்பார்! இருவரும் தரையில் ஓடும் ஷாட்டுக்கு ஒரே நேர்மையான தீர்வு: கேமராவைக் கூடவே ஓடவிடாதீர்கள். நிலையாக வைத்து அவர்கள் குறுக்கே கடக்கட்டும், அல்லது எதிரிலிருந்து நீண்ட லென்ஸில் நம்மை நோக்கி வரட்டும். கூட ஓடியே ஆக வேண்டும் என்றால் இடுப்புக்கு மேல் மட்டும் காட்டி, ரூட்டை ஒன்ஸில் விடுங்கள். பாதம் தெரியாதவரை வழுக்கலும் தெரியாது.

துணி: உடம்பு டூஸில் நகரும்போது துணி சிமுலேஷனுக்கு அது ஒரு ஃபிரேம் வேகம் பூஜ்யம், அடுத்த ஃபிரேம் இரட்டை வேகம். ஒவ்வொரு தாவலும் துணியை உதைக்கிறது, அதனால்தான் வெடிக்கிறது. வரிசையை மாற்றுங்கள்:

முதலில் மாடிஃபையர்களை மியூட் செய்து, உடம்பு ஒன்ஸில் இருக்கும்போதே சிமுலேட் செய்யுங்கள். அதை அலெம்பிக் கோப்பாக (அசையும் வடிவத்தைச் சேமிக்கும் கோப்பு வகை) ஏற்றுமதி செய்து, திரும்ப இறக்குங்கள். அந்தக் கோப்பைப் படிக்கும் மெஷ் சீக்குவன்ஸ் கேஷ் மாடிஃபையரில் ஓவர்ரைடு ஃபிரேம் என்ற தேர்வு இருக்கும். அந்த எண்ணுக்கு ஃபிரேம் 1-இல் 1, ஃபிரேம் 240-இல் 240 என்று கீ வைத்து, லீனியர் ஆக்கி, அதன்மேல் அதே ஸ்டெப் 2, ஆஃப்செட் 1 மாடிஃபையர். உடம்பும் துணியும் ஒரே ஃபிரேமிலிருந்து எடுக்கப்படுவதால் உடம்பு துணியைத் துளைத்து வெளியே வராது. உடம்பைப் பிறகு கையால் 3-1-2 என்று மாற்றினால் இந்தக் கர்விலும் அதே தாளத்தைக் கான்ஸ்டன்ட் கீக்களாக வைக்க வேண்டும்.

இன்னொன்று. பெரியவர் பையனின் கையைப் பிடித்துத் தூக்கும் இடம் கதையில் நிச்சயம் இருக்கும். ஒன்றை இன்னொன்றோடு கட்டும் சைல்டு ஆஃப் கன்ஸ்ட்ரெய்ண்ட் வழியாகப் பெரியவரின் அசைவு பையனின் கைக்கு ஒன்ஸில் வந்துவிடும், தோள் டூஸில் நிற்கும், முழங்கை துடிக்கும். தொடும் கணத்திலிருந்து விடும் கணம் வரை இருவரையும் ஒரே வேகத்தில் வையுங்கள்.

---

மைவிரல்

நான்காவது கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு பரவலான தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். 'ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தின் முதல் பாதி முழுக்க மைல்ஸ் டூஸ், கட்டிடத்திலிருந்து குதித்த பிறகு ஒன்ஸ் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் படத்தில் பெரும்பாலான பாத்திரங்கள் நிறைய இடங்களில் டூஸில்தான் இருக்கிறார்கள். ஷாட்டுக்கு ஷாட், சில இடங்களில் ஷாட்டுக்குள்ளேயே கூட, தேவையைப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். காட்டுக் காட்சியில் மட்டும் இந்த வித்தியாசம் கதையாக மாறுவதற்குக் காரணம், குருவும் சீடனும் ஒரே ஃபிரேமுக்குள், ஒரே மரங்களுக்கு நடுவே, ஒரே செயலைச் செய்கிறார்கள் என்பதுதான். ஒப்பிடப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் 12 போஸா 24 போஸா என்று பார்ப்பவருக்குத் தெரியாது, அது பாணி என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே படம் முழுக்க இந்த விதியைப் பிடித்துத் தொங்காதீர்கள். இருவரும் சேர்ந்து தாவும் மூன்று நான்கு ஷாட்டுகளுக்கு அதை ஒதுக்குங்கள். அங்கே அழுத்தமாகச் செய்யுங்கள்.

அடுத்தது, டூஸ் என்பது அனுபவமின்மை ஆகாது. நல்ல போஸை டூஸில் போட்டால் கம்பீரமாகத்தான் இருக்கும். பையனின் போஸும் இடைவெளியும் தடுமாற வேண்டும், டூஸ் அந்தத் தடுமாற்றத்தைக் கூர்மையாக்கும். உங்கள் ரிக்கில் (பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூட்டில்) இரண்டு பேருக்கும் ஒரே அனிமேஷனைப் போட்டு ஒருவனுக்கு மட்டும் ஸ்டெப் வைத்திருந்தால் திக்கல்தான் மிஞ்சும்.

தாவலைப் பிரித்துப் பாருங்கள். பெரியவருக்குக் குதிக்கும் முன் குனிதல் 3 ஃபிரேம் போதும், உடம்பு அதிகம் இறங்கவே வேண்டாம். தலை மட்டும் 6 ஃபிரேம் முன்பே இறங்கப்போகும் இடத்தைப் பார்த்துவிடும். இடுப்பு ஒரே வளைவில் போகும். கை கடைசியில் வரும். தரை தொட்டதும் 4 ஃபிரேமில் அடுத்த அடிக்குத் தயார்.

பையனுக்குக் குனிதல் 8 முதல் 10 ஃபிரேம். தேவைக்கு மேல் ஆழம். கண் இறங்கும் இடத்தில் இருக்காது, தன் காலிலோ பெரியவரின் முதுகிலோ இருக்கும். காற்றில் கைகள் இரண்டும் வெவ்வேறு வளைவில் போகட்டும். இடுப்பின் பாதை ஓர் இடத்தில் உடையட்டும். இறங்கும்போது குறியைத் தாண்டிப் போய், 2 சிறு அடி கூடுதலாக வைத்து, சமநிலைக்கு 12 ஃபிரேம் எடுத்துக்கொள்வான். அதற்குள் பெரியவர் அடுத்த தாவலில் இருப்பார். இந்த நேர இடைவெளிதான் சிரிப்பையும் பரிவையும் கொண்டுவருகிறது. ஃபிரேம் வேகம் அதற்கு அடுத்த இடத்தில்தான்.

பெரியவரையும் வெறும் வழுவழுப்பாக விட்டுவிடாதீர்கள். ஒன்ஸ் என்றால் கீக்களுக்கு இடையே ஸ்ப்ளைன் வளைவு தானாக நிரப்பும் மிதப்பு அல்ல. பீட்டர் தொப்பையும் தொளதொளக் கால்சட்டையுமாக வருகிறார், எடை தெரிகிறது. திறமை வீணாகும் அசைவு எதுவும் இல்லாததில் இருக்கிறது. உங்கள் வீரர் வயதானவர் என்றால் ஏறும்போது மெதுவாகவும் இறங்கும்போது முழங்கால் அதிகம் மடங்காமலும் வையுங்கள். தோள் கொஞ்சம் தாமதமாக வரட்டும்.

---

அச்சுமை

தோற்றம் பற்றி. எல்லா அளவும் 1920 × 1080-க்கு.

மோஷன் பிளர் இல்லாத படத்தில், ஒரு போஸிலிருந்து அடுத்ததற்குக் கை தன் தடிமனைவிட வெகுதூரம் தாவினால் கண் அதை ஒரே கையாகப் பார்க்காது, இரண்டாகப் பிரிக்கும். 30 பிக்சல் தடிமனுள்ள கை 120 பிக்சல் தாவும் இடத்தில் ஸ்மியர், அதாவது இழுபட்ட வடிவம், வேண்டும். வளையும் எலும்பான பெண்டி போனிலோ வடிவத்தை வளைக்கும் கூண்டான லேட்டிஸிலோ கையை இரண்டு இடத்துக்கும் பாலமாக நீட்டுங்கள். ஸ்மியர் 1 ஃபிரேம்தான் இருக்க வேண்டும், பாத்திரம் டூஸில் இருந்தாலும். 2 ஃபிரேம் பிடித்தால் கை ஒடிந்ததாகத் தெரியும். வேகக் கோடுகளைக் பிளெண்டரின் வரைகருவியான கிரீஸ் பென்சிலில் கையால் போடுங்கள், அவை 2 ஃபிரேம் நிற்கலாம்.

நிற விலகல்: தூரத்தை மங்கலாக்குவதற்குப் பதில் அச்சுத் தட்டு விலகியதைப் போலக் காட்டுவது. சிவப்புச் சேனலை நகர்த்துவதும் சயான் தட்டை நகர்த்துவதும் ஒன்றே, பச்சை மெஜந்தாவுக்கும் நீலம் மஞ்சளுக்கும் நேர். ரெண்டரான படத்தைத் திருத்தும் கம்பாசிட்டரில் இந்த வரிசையில் நோடுகள்: செபரேட் கலர், சிவப்புக்கு ஒரு டிரான்ஸ்லேட், நீலத்துக்கு எதிர்த்திசையில் ஒரு டிரான்ஸ்லேட், பச்சை அதே இடத்தில், பிறகு கம்பைன் கலர். தொலைவான பின்னணிக்கு 3 முதல் 5 பிக்சல், நடுத்தளத்துக்கு 1 முதல் 2, முகத்துக்கு 0.

எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதை, தூரத்தைச் சாம்பல் அளவாகத் தரும் மிஸ்ட் பாஸ் தீர்மானிக்கட்டும். ஆழத்துக்கான இசட் பாஸை எடுத்தால் விளிம்பு படிக்கட்டாக உடையும், ஏனென்றால் அதில் விளிம்பு மென்மை கிடையாது, மிஸ்ட்டில் உண்டு. மைக் கோடுகளை இந்த விலகலுக்குள் அனுப்பாதீர்கள். அச்சில் கறுப்பு தனித் தட்டு. கோட்டைத் தனி லேயராக எடுத்து விலகலுக்குப் பிறகு மல்டிப்ளை செய்யுங்கள். கோடும் சேர்ந்து விலகினால் கண்ணாடி போடாமல் முப்பரிமாணப் படம் பார்ப்பதைப் போலத் தலை வலிக்கும்.

புள்ளிகள்: பிளெண்டரின் ஈவி ரெண்டரரில் ஷேடர் டு ஆர்ஜிபி நோடு வழியாக வெளிச்ச அளவை எடுத்து, புள்ளிப் பாட்டர்னோடு ஒப்பிட்டு வெட்ட வேண்டும். அந்த நோடு மற்றொரு ரெண்டரரான சைக்கிள்ஸில் வேலை செய்யாது. புள்ளி இடைவெளி 10 முதல் 12 பிக்சல், சாய்வு 45 பாகை. 6 பிக்சலுக்குக் கீழே போனால் படத்தைச் சிறிதாக்கும்போது அலைக்கோடுகள் தோன்றும். புள்ளிகளைத் திரையில் அளக்கும் விண்டோ ஆயத்தொலைவு இரண்டு அச்சிலும் 0 முதல் 1 வரைதான், ஆகவே எக்ஸை 1.778-ஆல் பெருக்காவிட்டால் புள்ளி நீள்வட்டமாகும்.

விண்டோ ஆயத்தொலைவில் இன்னொரு குறை: பாத்திரம் நகரும், புள்ளிகள் திரையிலேயே நிற்கும். சல்லடைக்குப் பின்னால் ஆள் ஓடுவதைப் போல இருக்கும். தீர்வு, புள்ளிகளை மார்போடு கட்டுவது. மார்பு எலும்பில் ஒரு எம்ப்டி (ரெண்டரில் தெரியாத குறிப்புப் பொருள்). அதன் உலக இடத்தை மூன்று டிரைவர்கள் (ஒரு மதிப்பை இன்னொன்றோடு இணைப்பவை) வழியாக ஷேடரில் ஒரு கம்பைன் எக்ஸ்ஒய்இசட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெக்டர் டிரான்ஸ்ஃபார்மில் வேர்ல்டிலிருந்து கேமராவுக்கு, பாயிண்ட் வகையாக மாற்றி, எக்ஸையும் ஒய்யையும் இசட்டின் தனி மதிப்பால் வகுங்கள். டெக்ஸ்சர் கோஆர்டினேட்டின் கேமரா வெளியீட்டையும் அதேபோல வகுத்து, இதிலிருந்து எம்ப்டியின் மதிப்பைக் கழியுங்கள். இங்கே விண்டோ ஆயத்தொலைவே இல்லாததால் 1.778 பெருக்கலும் தேவையில்லை. ஆப்ஜெக்ட் இன்ஃபோவின் இடத்தை நேராக எடுத்தால் பலிக்காது. ரிக் செய்த மெஷ்ஷின் மூலப்புள்ளி எலும்போடு நகராது. எம்ப்டி மார்போடு இருப்பதால் பையனின் புள்ளிகள் அவனுடைய டூஸிலேயே மாறும், பெரியவருடையவை ஒன்ஸில். கேட்காமலே கிடைக்கும் நல்ல பலன் இது.

ஏற்றுமதியில் சிஆர்எஃப் (வீடியோ சுருக்க அளவு; குறைந்தால் தரம் கூடும்) 16 அல்லது அதற்குக் கீழ். 23-இல் விட்டால் புள்ளிகள் எல்லாம் சேறாகிவிடும்.

முகக் கோடுகளைத் தானியங்கி லைன் ஆர்ட்டிடம் விடாதீர்கள், முகம் திரும்பும்போது விட்டுவிட்டுத் தோன்றும். அந்தப் படத்திலேயே ஓவியர்கள் முகத்தில் வரைந்த கோடுகளைக் கொண்டு இயந்திரக் கற்றல் அடுத்த கோட்டை ஊகிக்க, பிறகு ஆள் திருத்தினார்கள். உங்களுக்கு ஆறேழு கர்வ் கோடுகள், அவற்றை முகத்தில் ஒட்டவைக்கும் ஷ்ரிங்க்ராப், போதும்.

---

நிழற்கோடு

ஆஃப்செட்தான் காரணம், 1 வைத்ததும் எல்லாப் போஸும் வந்துவிட்டன. மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். கடைசிக் காட்சியில் பையன் தனியாகக் குதிக்கிறான். அங்கே டூஸிலிருந்து ஒன்ஸுக்கு மாற வேண்டும். ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததற்குப் போகும் இடத்தில் மாற்றுவதா, ஷாட்டுக்குள்ளா? அதற்கு முன் இருவரும் பேசும் ஒரு குளோசப் இருக்கிறது. உதட்டசைவும் டூஸில் இருக்கலாமா?

---

மைவிரல்

ஷாட்டுக்குள்ளேயே மாற்றுங்கள், ஷாட் வெட்டும் இடத்தில் மாற்றினால் கவனத்துக்கு வராது. விளிம்பில் அவன் நிற்கும் இடத்தில் 8 முதல் 10 ஃபிரேம் முழு அசைவின்மை வையுங்கள். அசையாத போஸுக்கு ஒன்ஸும் இல்லை, டூஸும் இல்லை, தையல் அங்கே மறைந்துவிடும். அதன்பின் வரும் முதல் அசைவிலிருந்து எல்லாமே ஒன்ஸ்: ரூட், உடம்பு, மேலங்கி, புள்ளி. ஒன்று விட்டுப்போனாலும் பழைய பையன் எட்டிப் பார்ப்பான்.

மைல்ஸ் குதிக்கும் ஷாட்டைத் திரும்பப் பாருங்கள். விரல்கள் கண்ணாடியில் ஒட்டியபடியே குதிப்பதால் கண்ணாடி உடைந்து கூடவே வருகிறது. பயம் போகாமலே குதிக்கிறான். கேமரா தலைகீழாக இருப்பதால் விழுவது எழுவதாகத் தெரிகிறது. துணிவை அங்கே போஸும் கேமராவும் சொல்கின்றன. உங்களுக்கும் கேமராவில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பன்னிரண்டாம்ஃபிரேம் சொன்ன நடுக்கத்தால் படம் முழுக்கக் கேமரா பெரியவரோடுதான் சிக்கலில்லாமல் கூடவே ஓட முடியும், பையனோடு ஓடச் சுற்றுவழிகள் தேவை. அந்தச் சுற்றுவழிகளைக் கடைசி வரை எடுக்காதீர்கள். இந்த ஷாட்டில்தான் கேமரா முதன்முறையாக அவனோடு சேர்ந்து பறக்கட்டும்.

---

பன்னிரண்டாம்ஃபிரேம்

செய்முறை: பேக் செய்த டூஸ் கீக்களை அப்படியே பெசியராக (வழுவழுப்பான வளைவாக) மாற்றிவிடாதீர்கள். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு கீ இருக்கும் கர்வ் மேடுபள்ளமாக இருக்கும், ஒன்ஸில் அது நடுக்கமாகத் தெரியும். அசைவின்மை முடியும் ஃபிரேமுக்குப் பிறகு உச்சப் போஸ்களை மட்டும் விட்டு, மூன்றில் இரண்டு பங்கு கீக்களை நீக்கி, வளைவைப் புதிதாக அமையுங்கள். மாடிஃபையரையே பயன்படுத்தினால் அதன் முடிவு ஃபிரேமை அசைவின்மைக்குள் வையுங்கள். பிளெண்ட் அவுட் (மாடிஃபையர் மெல்ல விலகும் அளவு) 0 ஆக இருக்கட்டும். 0-க்கு மேல் போனால் அது இரண்டு மதிப்பையும் கலந்து, பாதி படியும் பாதி வழுக்கலுமாகக் குழப்பும்.

உதடு டூஸில் இருக்கலாம். ம, ப வரும்போது உதடு மூடிய போஸ் குறைந்தது 2 ஃபிரேம் வேண்டும், அது ஒலிக்கு 1 ஃபிரேம் முன்னால் தொடங்கலாம், பின்னால் போகக்கூடாது. 'அப்பா', 'அம்மா' போன்ற இரட்டிப்பில் 4 ஃபிரேம் மூடி வையுங்கள். 2-இல் திறந்துவிட்டால் பேச்சு வேறு மொழியில் டப் செய்ததைப் போல இருக்கும். வ-வுக்குக் கீழுதட்டில் பல் படும் போஸ், அது 2 போதும். கண் இமைப்பை மட்டும் ஒன்ஸில் விடுங்கள்: மூட 2 ஃபிரேம், மூடியபடி 1, திறக்க 3.